பள்ளி திறக்கும் முன் ஓர் ஒத்திகை

என் மனைவிக்குத் தொலைவில் உள்ள ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்தது. இனி விடிந்தும் விடியாமலும் கிளம்பினால்தான் முதல் மணிக்கு வகுப்பில் நிற்க முடியும். இரண்டு பெண்களையும் யார் எழுப்புவது, யார் சமைத்துக் கட்டிக் கொடுப்பது என்று கவலைப்பட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பேருந்துப் பணிமனையில் வண்டிகளை நேரத்துக்கு அனுப்புவதுதான் என் வேலை. அத்தனை வண்டிகளை அனுப்புகிறவனுக்கு இரண்டு பிள்ளைகளை அனுப்பத் தெரியாதா, வீட்டை என்னிடம் விடு என்றேன். என் வண்டிகள் எந்த லட்சணத்தில் கிளம்புகின்றன என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். பாவம், வேறு வழியில்லாமல் தலையாட்டினாள்.

கோடை விடுமுறையின் கடைசி வாரம் லீவு போட்டுவிட்டுக் களத்தில் இறங்கினேன். சமையலறை அலமாரியைக் காலி செய்து, அரிசி பருப்பையெல்லாம் கண்ணாடி ஜாடிகளில் கொட்டி, பார்ப்பதற்கு அழகாக அடுக்கினேன். அழகுக்கு விலையாகத் தினமும் எடுக்கிற டீத்தூள் உச்சித் தட்டுக்குப் போய்விட்டது. அதை எடுக்க அவள் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. ஏறி எடுத்தாள். ஒரு வாரத்துக்கான காய்களை நறுக்கி வேகவைத்து ஃப்ரீசரில் திணித்தேன். கதவு மூடவில்லை. நாற்காலியை முட்டுக் கொடுத்தேன்.

புதிய சாப்பாட்டு டப்பாக்கள் வாங்கி வந்தபோதுதான் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. நாலு பக்கமும் கொக்கி, உள்ளே ரப்பர் வளையம். கவிழ்த்தாலும் சொட்டுச் சிந்தாது. அதை நிரூபிக்கத் தண்ணீர் நிரப்பி அவள் தலைக்கு மேல் பிடித்துக் குலுக்கினேன். சிந்தவில்லை. அவள் டப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

இதோடு விட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும். ஒத்திகை பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது. மனைவி மாணவர் சேர்க்கை வேலையாகப் புதுப் பள்ளிக்குப் போயிருந்த நாளில், பெண்களை அதிகாலையிலேயே உருட்டி எழுப்பினேன். பள்ளி இன்னும் திறக்கவில்லையே என்று பெரியவள் அழாத குறை. அவளுடைய சீருடைப் பாவாடை முழங்காலுக்கு மேலே நின்றது. விடுமுறையில் பிள்ளை வளரும் என்பது என் திட்டத்தில் இல்லை. சின்னவள், வாண்டு என்று கூப்பிடுவோம், தூங்கிக்கொண்டே உடுத்திக்கொண்டாள். சோறும் காயும் முட்டையும் கட்டியாயிற்று. எனக்கும் ஒரு டப்பா. பையை மாட்டி, செருப்பை மாட்டி, மூவரும் வாசலுக்கு வெளியே வந்தோம். நேரம் பார்த்தேன். மிகச் சரி. வெற்றிப் பெருமிதத்தோடு கதவை இழுத்துச் சாத்தினேன்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு அது. சாவி உள்ளே. செல்போனும் உள்ளே.

கீழ்வீட்டுத் தையற்காரம்மாவின் போனில் மனைவியைக் கூப்பிட்டேன். இன்னொரு சாவி அவளிடம்தான் இருந்தது. வேலை முடிந்து மதியத்துக்கு மேல்தான் வர முடியும் என்றாள். தையற்காரம்மா உள்ளே வந்து உட்காரச் சொன்னார். எந்த முகத்தோடு போவது? காற்றாட இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, காற்றே வராத படிக்கட்டில் உட்கார்ந்தோம். பள்ளி திறக்காத நாளில் சீருடையும் புத்தகப் பையுமாக இரண்டு பிள்ளைகளையும், நடுவில் என்னையும் பார்த்த கூரியர்காரர் எதுவும் கேட்காமல் ஒதுங்கி மேலே ஏறினார்.

மதியமானதும் சாப்பிடச் சொன்னேன். பெரியவள் டப்பாவை முட்டிக்கு நடுவில் இடுக்கி ஒரு வழியாகத் திறந்தாள். என் கொக்கி அசையவில்லை. தையற்காரம்மா கத்தரிக்கோலின் காம்பால் நெம்பிக் கொடுத்தார். வாண்டு தன் டப்பாவை மடியில் வைத்து, ஒரு கொக்கியை இரண்டு கட்டைவிரலாலும் தள்ளிப் பார்த்தாள். பிறகு பழகியவள் போல அதைப் பைக்குள் திருப்பி வைத்துவிட்டாள்.

"பசிக்கல" என்றாள்.

"அவளுக்குப் பசிக்கும்பா" என்றாள் பெரியவள். "திறக்க வராது. போன வருஷ டப்பாவும் அவளுக்குத் திறக்க வராது."

போன வருடம் முழுக்க வாண்டின் சாப்பாடு பாதி நாள் அப்படியே திரும்பி வந்தது. நாக்கு நீளம் உனக்கு என்று திட்டினேன். காயை மாற்றச் சொன்னேன், சோற்றை மாற்றச் சொன்னேன், வகுப்பில் பேச்சு அதிகமோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். மூடியைச் சந்தேகப்படவில்லை.

மிஸ்ஸிடம் திறந்து தரச் சொல்லியிருக்கலாமே என்றேன் வாண்டிடம்.

"கேட்டேன்பா. வரிசையில நிக்கச் சொல்வாங்க. என் முறை வர்றதுக்குள்ள மணி அடிச்சிடும்." புகாராகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்பது போலச் சொன்னாள்.

டப்பாவை வாங்கி, அதே கத்தரிக்கோலால் நெம்பித் திறந்து கொடுத்தேன். அவள் சாப்பிட்ட வேகத்தைப் பார்க்க முடியாமல் படிக்கட்டுக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி வந்தபோது நாங்கள் மூவரும் கை கழுவ இடமில்லாமல் விரலை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிரிக்கத்தான் வாயெடுத்தாள். நான் நடந்ததைச் சொன்னதும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே எங்களுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் வகுப்புல எத்தன பிள்ளைங்களுக்கு மூடி திறந்து குடுத்திருக்கேன். நம்ம பிள்ளைய கேக்கணும்னு தோணலையே."

அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கதவைத் திற, டீ போடுகிறேன் என்றேன்.

மறுநாள் வாண்டைப் பாத்திரக் கடைக்குக் கூட்டிப்போனேன். நான் தள்ளி நின்றேன். கடைக்காரர் பொறுமை இழக்கும்வரை ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, சாயம் போன ஒரு தகர டப்பாவைத் தேர்ந்தெடுத்தாள். இது ஒழுகுமே என்றார் கடைக்காரர். ஒழுகட்டும் என்றேன்.

பள்ளி திறந்த அன்று நாங்கள் தாமதம். டப்பா ஒழுகிக் கணக்கு நோட்டு மஞ்சளாகிவிட்டது. சாயங்காலம் பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். ஒரு பருக்கை இல்லை. சந்தோஷம் தாங்காமல், சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டுத் தொலைத்தேன்.

வாண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உண்மைய சொல்லட்டுமா?" என்றாள்.