அண்ணி இடிக்கச் சொன்ன வீடு

எங்கள் அண்ணன் அளவுக்கு மீறிச் சுத்தம் பார்ப்பவன். அந்தச் சுத்தம்தான் தெருவையே கெடுத்தது.

ஆலையின் கழிவுக் குட்டை உடைந்து, எங்கள் தெரு முழுக்கக் கறுப்புச் சேறு புகுந்ததிலிருந்து எல்லாரும் கல்லூரிக் கூடத்தில்தான் கிடந்தோம். அண்ணி நகராட்சித் தலைவி. "தண்ணிய சோதிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகாதீங்க, அது விஷம்" என்று மைக்கில் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அண்ணனோ, கக்கூஸ் வரிசையில் நிற்கப் பிடிக்காமல், யாரிடமும் சொல்லாமல் வந்து வீட்டைக் கழுவிவிட்டு, ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துக் கட்டிலில் காலை நீட்டிவிட்டான்.

அவ்வளவுதான். "தலைவி வீட்டுக்காரரே வந்துட்டாரு, மைக்ல சொல்றதெல்லாம் சும்மா" என்று பாதித் தெரு மூட்டை முடிச்சோடு திரும்பிவிட்டது.

அண்ணியும் நானும் ஓடி வந்தோம். அண்ணனை வெளியே இழுத்துவிட்டு அண்ணி வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். "மொதல்ல உங்க வீட்டைப் பாருங்க" என்றார்கள். சேறு அள்ள வந்திருந்த புல்டோசரை எங்கள் வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"இடிச்சிடுப்பா."

ஓட்டுநர் மிரண்டுபோனார். "வீடு யார் பேர்லம்மா இருக்கு? அவங்க சொல்லணும்."

வீடு என் பேரில். கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டவள் என்று அப்பா எனக்கு எழுதிவைத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க புருஷன் அடிச்ச கூத்துக்கு என் வீடுதான் கெடச்சுதா? பூட்டிட்டுப் போங்க, போதும்."

"பூட்டினா, ராத்திரி பின்வாசல் வழியா வந்து படுக்குறோம்னு சொல்லுவாங்க." அண்ணிக்குக் குரலே எழும்பவில்லை. "உன்னைக் கட்டாயப்படுத்தல. நீ வேணாம்னா வேணாம்."

பக்கத்து வீட்டுக்காரி அடிபம்பில் தண்ணீர் அடித்துக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அது தண்ணீரை வாயில் பிடித்துக் கொப்பளித்துச் சிரித்தது. நான் ஓட்டுநர் பக்கம் திரும்பினேன்.

"இடிங்க" என்றேன். சொன்ன வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்பா படுத்திருந்த அறைதான் முதலில் போயிற்று. அண்ணன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் அழவில்லை, எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. எதிர்ச்சாரியில் நாலைந்து குடும்பங்கள் பயந்துபோய்ச் சாமான்களைக் கட்டத் தொடங்கின.

பக்கத்து வீட்டுக்காரி மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி அவளிடம் போனாள்.

"இப்பவாவது கிளம்பும்மா. புள்ளைய நெனச்சுப் பாரு."

"உங்களுக்கென்னங்க, தலைவி வீடு. நாளைக்கே மாடி வச்சுக் கட்டித் தருவாங்க. எங்களுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

ஈரக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இடிக்க எங்களிடம் இன்னொரு வீடு இல்லை.