பத்து மாத ‘நன்று’

என் தங்கைக்கு வீட்டில் ‘அரைகுறை’ என்று பெயர். யார் வைத்தது என்று எனக்கு ஞாபகமில்லை. நான்தான் வைத்தேன் என்று அவள் அடித்துச் சொல்வாள். ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள் என்றால் அது ஒரு கையோடு நின்றுவிடும். தட்டச்சு வகுப்பு இடது கை விரல்களோடு முடிந்தது. அலமாரிக்குப் பெயின்ட் அடித்தால் கீழ்த்தட்டு பழைய நிறத்திலேயே இருக்கும். அவள் கல்யாணம் ஒன்றுதான் முழுசாக நடந்தது என்று என் கணவர் கேலி செய்வார். அதற்கும் அவள் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, நாற்பத்து நாலாவது வயதில் வேலைக்குப் போனாள். மக்கும் குப்பைப் பை செய்கிற தொழிற்சாலை. காய்கறித் தோலோடு பையும் சேர்ந்து மண்ணாகிவிடும், தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் தாங்கமாட்டாள் என்று நாங்கள் இருவரும் முடிவுகட்டினோம். அவளோ ஆறே மாதத்தில் அடி ஒட்டுகிற மெஷினுக்கு வந்துவிட்டாள்.

அந்த மெஷினைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வந்து சொல்வாள். சூடான இரும்புப் பட்டை ஒன்று இறங்கிப் பையின் அடியை அழுத்தி ஒட்டும். சூடு கொஞ்சம் கூடினால் பொசுங்கிவிடும். குறைந்தால் ஒட்டினாற்போல் பாசாங்கு செய்துவிட்டு, ஈரம் பட்டதும் வாயைத் திறந்துவிடும். நடுவில் இருக்கிற அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் அவள் வேலை. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு மிடுக்கு வரும். நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகத்தில் அதை நான் பார்த்ததே இல்லை.

தொழிற்சாலையில் பையில் தண்ணீர் நிரப்பி, பத்து நிமிஷம் தொங்கவிட்டுப் பார்ப்பார்களாம். குப்பைத் தொட்டிக்குள் இரண்டு நாள் புழுங்கினால் அதே பை என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு தொழிலாளியிடமும் மாதம் ஒரு ரோலும் ஓர் அட்டையும் கொடுத்து, வேறொரு வீட்டில் போட்டுப் பார்த்து எழுதி வாங்கி வரச் சொல்வார்கள். எத்தனை மணி நேரம் தாங்கியது, எங்கே ஒழுகியது, முடிச்சுப் போடும்போது கிழிந்ததா, இப்படி ஏழெட்டுக் கேள்விகள். தங்கை வீட்டில் ஆறு பேர், தொட்டி தினமும் நிறைந்து கீழே போய்விடும். நாங்கள் இரண்டே பேர். அவள் ரோலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

நான் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள். “வலிக்காது, பயப்படாதீங்க” என்று நாளைக்கு முப்பது பேரிடம் சொல்கிறேன். அட்டையில் எல்லாக் கேள்விக்கும் எதிரே ‘நன்று’ என்று எழுதிக் கொடுப்பதில் எனக்கு என்ன சிரமம்? நின்றபடியே எழுதினேன். “நல்லா இருக்காக்கா?” என்று கேட்பாள். பிரமாதம் என்பேன். பத்து மாதம் இப்படியே ஓடியது.

ஒரு பையைக்கூட நான் பிரிக்கவில்லை. குப்பையை வழக்கம்போல் கடையில் கொடுக்கிற பாலித்தீன் பையில்தான் போட்டேன். ரோல்கள் அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில், வந்த உறையோடு அடுக்கி இருந்தன. இவ்வளவு நல்ல பையில் போய் வெங்காயத் தோலைப் போடுவதா என்று கணவரிடம் சொன்னேன். புதுத் துண்டு வாங்கினால் பெட்டியில் வைத்துவிட்டுப் பழைய துண்டில் துடைத்துக்கொள்கிற வீடுதான் இது. அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பத்தாவது மாதத்தில் ஒரு ஞாயிறு, தங்கை வந்த வேகமே சரியில்லை. செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். ஏதோ ஒரு துணிக்கடையின் பெயர் போட்ட பாலித்தீன் பை பல்லிளித்துக்கொண்டிருந்தது.

விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. இரண்டாம் நாள் பையின் அடி விட்டுவிடுகிறது என்று கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்திருக்கிறது. எல்லாம் இவள் மெஷினில் ஒட்டியவை. சூட்டைக் கூட்டிப் பார்க்கலாமா என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, இவள் ஒரே பிடியாக மறுத்திருக்கிறாள். என் அக்கா வீட்டில் பத்து மாதமாக ஓடுகிறது, ஒரு சொட்டு விழவில்லை, கடைக்காரர்கள்தான் வெயிலில் வைத்துக் கெடுக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். சாட்சிக்கு என் அட்டைகளை எடுத்துக் காட்டியிருக்கிறாள். மறுபடியும் பெட்டிகள் திரும்பி வந்தன. இவளை மெஷினிலிருந்து எடுத்து, மடித்து அட்டைப்பெட்டியில் போடுகிற மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் தெரியும்வரை மெஷின் கிடையாது.

அவள் கண் மேல் அலமாரிக்குப் போனது. ஸ்டூலைப் போட்டு ஏறி ஒரு ரோலை எடுத்து, உறையைக் கிழித்தாள். பை விரியவே இல்லை. பத்து மாத ஆவியும் சூடும் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. இழுத்தபோது காய்ந்த பூண்டுத் தோல்போல் பொடிப்பொடியாக உதிர்ந்து அடுப்பின்மேல் விழுந்தது.

“பத்திரமா வெச்சிருந்தேன்” என்றேன். அசடு வழிந்தது எனக்கே தெரிந்தது.

“குப்பை போடற பைதானேக்கா அது. அதை யாராவது பத்திரமா வெப்பாங்களா?”

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டாள்.

“நான் ஒட்டினதுன்னு தெரிஞ்சதால போடலை. ஒழுகிரும்னு நினைச்சே. அதானே?”

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. முப்பது பேரிடம் சொல்லிப் பழகிய வாய். ஆனால் அவள் சொன்னதுதான் உண்மை. முதல் ரோலைக் கையில் வாங்கிய அன்றே உறையைத் தடவிப் பார்த்து, ‘அரைகுறை’ ஒட்டியதாயிற்றே, என் சமையலறைத் தரை நாறிவிடும் என்றுதான் நினைத்தேன். நல்ல பை, வீணாக்கக் கூடாது என்பதெல்லாம் அதன்மேல் நான் பூசிய பூச்சு. ஒழுகுகிறது என்று அவளிடம் சொல்ல நேர்ந்துவிடக் கூடாதே என்பதற்காகப் போடாமலே இருந்தேன். அதைப் பாசம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டாள்.

“இனிமே நீ நல்லா இருக்குன்னு சொன்னா, அதை நான் என்னன்னு எடுத்துக்கறது?”

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. கணவர் சமாதானம் சொன்னார், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று. அவள் என்னிடம் காட்டிய சின்ன வயசுக் கோலங்கள், பாட்டுகள், பாதி ஸ்வெட்டர் எல்லாவற்றுக்கும் நான் “நல்லா இருக்கு” என்றுதான் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது கையை ஏன் பின்னவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பின்னியிருப்பாளோ என்னவோ.

அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளுடைய தொழிற்சாலைக்குப் போனேன். சூப்பர்வைசர் என் வயசுப் பெண்மணி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். நான் எழுதியது அத்தனையும் பொய், தங்கைமேல் தப்பில்லை, என் பேச்சை நம்பித்தான் அவள் அப்படிச் சொன்னாள் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு அட்டையை என் முன்னால் வைத்தார்.

எல்லாவற்றிலும் ‘நன்று’. விதவிதமான கையெழுத்து, ஒரே சொல். சிலர் முதல் வரியில் எழுதிவிட்டு, கீழே வரிசையாக ‘மேற்படி’ என்று போட்டிருந்தார்கள். அவர்கள் என்னைவிடச் சோம்பேறிகள்.

“ஒண்ணே ஒண்ணுலதான் ஒழுகுதுன்னு எழுதியிருந்துச்சு” என்றார் அவர். “இங்க கூட்டற அம்மா கொண்டுவந்து குடுத்தது. ஈரக் குப்பையைப் போட்டா ஒழுகத்தான் செய்யும்னு அதை ஓரமா வெச்சிட்டேன். நானும் உங்க ஜாதிதாங்க.”

சிரிக்க முயன்றோம், இருவருக்கும் வரவில்லை. தங்கையை மறுபடி மெஷினில் விடுவீர்களா என்று கேட்டேன். அடி ஏன் விடுகிறது என்று தெரியாமல் யாரையும் அதில் நிற்கவைக்க முடியாது என்றார். சூட்டைக் கூட்டியும் பார்த்தாயிற்று, பயனில்லையாம். திரும்பி வந்த பெட்டியிலிருந்து அவள் ஒட்டிய ரோல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெளியே வரும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளைப் பார்த்தேன். பைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரம் ஓரத்தோடு சேருகிற மாதிரி, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து பாலித்தீன் பைகளையெல்லாம் மூட்டை கட்டிக் கணவரிடம் கொடுத்து வெளியேற்றினேன். தொட்டிக்கு மக்கும் பையை மாட்டினேன். பழத்தோல், முட்டை ஓடு, சுடச்சுட டீத்தூள் சக்கை, மீந்த சோறு எல்லாம் போட்டேன். காலையில் எழுந்ததும் பையைத் தூக்கி அடியில் தடவிப் பார்த்தேன். வேலைக்குப் போகும்போது ஒரு தரம், வந்ததும் ஒரு தரம். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார் கணவர். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரம் குறித்துவைத்தேன்.

முதல் பை இரண்டு நாள் ஜம்மென்று தாங்கியது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இரண்டாவது பை வியாழக்கிழமை ஒழுகியது. எங்கே என்று பார்க்கப் பையை வெளியே தூக்கியதும் தரையெல்லாம் பழுப்பு நீர். பையைக் காலிசெய்து அடியை விரித்துப் பார்த்தபோது, ஒரு மூலையில் மட்டும் கட்டைவிரல் நுழைகிற அளவு ஒட்டு விட்டிருந்தது. மற்ற இடமெல்லாம் இழுத்தாலும் பிரியவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி மூன்றாவது பையைத் தொட்டியில் போடாமல், ஒரு தட்டுக்கு மேலே தூக்கிக் கட்டினேன்.

ஞாயிறு காலை தட்டில் முதல் சொட்டு விழுந்தது. கையைக்கூடக் கழுவாமல் போன் செய்தேன். நாலாவது மணியில் எடுத்தாள்.

“சொல்லு” என்றாள். அக்கா என்கிற சொல் இல்லை.

நலம் விசாரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அதையெல்லாம் நான் எப்படி அழகாகச் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். “உன் பை ஒழுகுது” என்றேன். “முப்பத்தொரு மணி நேரம் ஆச்சு. நாத்தம் குடலைப் புரட்டுது.”

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“எங்க ஒழுகுது?”

“மூலையில. ஒரே ஒரு மூலைதான்.”

“பையில அச்சடிச்ச எழுத்து உன்னைப் பார்த்து இருக்கா? எழுத்தை உன் பக்கம் திருப்பிட்டுச் சொல்லு, எந்த மூலை?”

முழங்காலிட்டு உட்கார்ந்து, பையைத் திருப்பினேன். புடவை முந்தானையும் தரையும் நனைந்தன. இடது மூலை என்றேன். வியாழக்கிழமை போனதும் அதே மூலைதான், அதுவும் எழுத்துக்கு இடது பக்கம், காலண்டர் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவள் மூச்சு மாறியது கேட்டது. தனக்குத்தானே பேசுகிற குரலில் சொன்னாள், அப்படியென்றால் சூடு சரிதான், பட்டைதான் அந்த ஓரத்தில் தேய்ந்திருக்கிறது, அழுத்தம் படவில்லை, எத்தனை சூடு வைத்தாலும் அங்கே ஒட்டாது. வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம், சாவிக்கொத்தின் சத்தம், யாரிடமோ வழிவிடச் சொல்லும் சத்தம்.

நான் ஒரு கையில் போனும் ஒரு கையில் தரைத்துணியுமாக இருந்தேன். நாற்றம் தாங்கவில்லை, துடைத்துவிட்டு மீதியைப் பேசுகிறேன் என்று சொன்னேன்.

“துடைக்காதேக்கா” என்றாள். “அப்படியே விடு. நான் வர்றேன்.”