கறுக்காத சீசா

இப்போதெல்லாம் யாரும் எதையும் மோந்து பார்ப்பதில்லை. பால் கெட்டதா என்று தெரிந்துகொள்ள பாக்கெட்டில் தேதி தேடுகிறார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கியது போய், போனில் ஆர்டர் போட்டுவிட்டு, நாறிப்போய் வந்தால் நட்சத்திரத்தைக் குறைக்கிறார்களாம். கடவுள் மூக்கை வைத்தது கண்ணாடி மாட்டிக்கொள்ள என்று நினைப்பு. ஒருத்தராவது அந்த பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்திருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் போயிருக்காது.

நான் மூன்றாவதுக்கு மேல் படிக்கவில்லை. முப்பது வருஷம் தண்ணீர் லாரியில் கிளீனர். கோட்டூர்புரத்துக்குப் பின்னால் அடையாற்றுக் கரையில் வீடு. எங்கள் வரிசையில் நாற்பது வீடு இருந்தது. போன தை மாசம் பாதி வரிசையை இடித்து, ஆட்களைச் சட்டிபானையோடு லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சப் பாதியில் நான், மகன், மருமகள், பேத்தி பொன்மணி. அடுத்து இடிக்க எங்கள் சுவரிலும் சிவப்பு பெயின்டில் நம்பர் போட்டாகிவிட்டது.

பொன்மணி மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கிறாள். சயின்ஸ் எடுக்கும் கரோல் டீச்சர் அவளை ஆற்றுத் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். வகுப்பில் கரையோரம் வீடு உள்ளவள் இவள் ஒருத்திதான். போன வருஷமும் இவள்தான் கொண்டுபோனாள். அதை மருந்து வைத்த ஒரு சின்னச் சீசாவில் ஊற்றி வைப்பார்களாம். தண்ணீரில் மலக்கிருமி இருந்தால் இரண்டு நாளில் சீசா கறுத்துவிடுமாம். போன வருஷம் மை மாதிரி கறுத்தது. என்னைக் கேட்டிருந்தால் சீசா இல்லாமலே சொல்லியிருப்பேன்.

இந்த வருஷம் முதல் நாள் சாயங்காலமே பிடித்து வைத்து, காலையில் பைக்குள் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் செருகினாள். எனக்கு உடம்பு கூசியது. பெருவெள்ளம் வந்த வருஷம் என் பெண்சாதி வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து என் வாசலுக்குள் வரும் எந்தத் தண்ணீரையும், குடமோ டிரம்மோ, குளோரின் மாத்திரை போடாமல் நான் விட்டதில்லை. பொன்மணி தலை பின்னிக்கொள்ள அம்மாவிடம் போன நேரம், அந்த பாட்டிலில் நாலு மாத்திரையைப் போட்டுக் குலுக்கி, மூடியை இறுக்கி வைத்தேன். ஒழுகிச் சோற்றில் கலந்துவிடக் கூடாது, அதுதான் என் கவலை. சயின்ஸுக்கு அதனால் என்ன வரும் என்று தோன்றவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

மூன்றாம் நாள் குதித்துக்கொண்டு வந்தாள்.

"தாத்தா, சீசா கறுக்கவே இல்ல! நம்ம ஆறு நல்லாயிடுச்சாம். கிளாஸ் ஃபுல்லா எனுக்கு கை தட்டுனாங்கோ!"

"எந்த ஆறு, இந்த ஆறா? வெளியே போய் நின்னு பாரு, மூக்கு கழண்டு வுழும்."

"போ தாத்தா, உனுக்கு எதுலயுமே நம்பிக்கை கெடையாது. டெஸ்ட்லயே வந்துகீது."

பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு, 'அறிவியல் வகுப்பில் நான் கற்றது' என்று ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள்.

"கரையோர ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டதால் அடையாறு மீண்டும் உயிர் பெற்றது என்பதை எங்கள் சோதனை நிரூபித்தது. மீதமுள்ளவையும் அகற்றப்பட்டால்..."

"நிறுத்து. ஆக்கிரமிப்புன்னா இன்னா?"

"அது... கரையில கட்டிக்கினு கீற வூடுங்கோ."

"யாரு வூடு?"

"தேவானை அத்தை வூடெல்லாம்." கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். "நம்ம வூடும்."

"நீயா எழுதுனே?"

"டீச்சர் போர்டுல எழுதிப் போட்டாங்கோ. பார்த்து எழுதுனேன்."

வீட்டை இடித்து லாரியில் ஏற்றியபோது தேவானை அழுததை இவளும் நின்று பார்த்தவள்தான். நான் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. போலீஸ்காரன் மாதிரி கேட்டாள்.

"எத்தினி?"

"நாலு."

"எப்போ?"

"நீ தலை பின்னிக்கினு இருந்தப்போ."

அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். சோறு ஆறிப்போகும் வரைக்கும் புதிதாக எழுதினாள். "சீசா கறுக்காததற்குக் காரணம் ஆறு அல்ல, என் தாத்தா" என்று ஆரம்பித்தது அது. குடிசைகள் போன பிறகும் பாலத்துக்கு அடியில் பெரிய குழாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் விழுகிறது, எங்கள் வரிசைக்குச் சாக்கடைக் குழாயே கிடையாது என்றும் எழுதியிருந்தாள். சோதனையை மறுபடி செய்ய வேண்டும், தப்பைத் திருத்துவதும் அறிவியல்தான் என்று முடித்திருந்தாள். கடைசி வரி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எழுதினவள் பிள்ளை. திருத்த வேண்டியவர்கள் பெரியவர்கள்.

கண்காட்சி அன்று நானும் போனேன். கையில் ஒரு பாட்டில் ஆற்றுத் தண்ணீர், மாத்திரை போடாதது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது ஆள் உயர ஃப்ளெக்ஸ். ஒரு பக்கம் எங்கள் பழைய வரிசையின் படமும் கறுத்த சீசாவும். இன்னொரு பக்கம் வெறும் கரையும் தெளிந்த சீசாவும். மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'குடிசைகள் போயின, ஆறு பிழைத்தது!'

கரோல் டீச்சர் சாந்தோம் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தாதவர். எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"டீச்சரம்மா, அந்த பாட்டில்ல மாத்திரை போட்டது நான்தான். ஆறு நாறிக்கினுதான் கீது. இந்தா, தொறந்து மோந்து பாரும்மா."

"பொன்மணி எழுதினதைப் படிச்சேன் ஐயா. ரொம்ப நல்லா எழுதியிருக்கா. ஆனா சீஃப் கெஸ்ட் பத்து நிமிஷத்துல வந்துடுவார். ஃப்ளெக்ஸும் போன வாரமே அடிச்சாச்சு."

"அடிச்சா இன்னா? கழட்டிக் குடு, எங்க கூரைக்கு ஆவும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"டெஸ்ட் சீசாவும் தீர்ந்துபோச்சு ஐயா. அடுத்த வருஷம் கண்டிப்பா திருப்பிப் பண்ணிடலாம்."

"அடுத்த வருஷம் பாட்டில் கொண்டாந்து குடுக்க கரையில யாரு கீறாங்கோ?"

அவர் என்னைப் பார்க்காமல் பாட்டிலைக் கையிலிருந்து வாங்கி, திறக்காமலே மேசைக்கு அடியில் வைத்தார்.

சிறப்பு விருந்தினர் வந்தார். ஃப்ளெக்ஸைப் படித்துத் தலையாட்டினார். "தண்ணி யாரு கொண்டு வந்தது?" என்று கேட்டார். பொன்மணி முன்னால் வந்தாள். டீச்சர் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நாலு மாத்திரை, பாலத்துக் குழாய், மறுபடி சோதனை, ஒன்றையும் விடவில்லை. பிள்ளை ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"வெரி குட்!" என்றார் அவர். "தப்பை ஒத்துக்கிற தைரியம் இருக்கு பாருங்க, இதுதான் உண்மையான சயின்ஸ்! எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். பிளாஸ்டிக் கவரில் ஒரு செடி கொடுத்தார். அதே ஃப்ளெக்ஸுக்கு முன்னால் அவளை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டார். அப்புறம் அடுத்த மேசையில் சோடா மாவில் பொங்கிய எரிமலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பொன்மணி செடியோடு ஓடி வந்தாள். "சொல்லிட்டேன்ல தாத்தா? எல்லாரும் கேட்டாங்கோ இல்ல?"

"கேட்டாங்கோ."

"டீச்சர் ஃப்ளெக்ஸை மாத்திடுவாங்கோ."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஸ்டூல் போட்டு ஏறி இரண்டு பேர் ஃப்ளெக்ஸின் கயிற்றை அவிழ்த்தார்கள். எனக்கே ஒரு நிமிஷம் நப்பாசை தட்டியது. "மடிப்பு விழாம சுருட்டுங்கப்பா" என்று டீச்சர் சொல்வது காதில் விழுந்தது. "வியாழக்கிழமை மாவட்டக் கண்காட்சிக்கு இதே போகணும்."

பொன்மணி காதிலும் அது விழுந்தது. செடியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

நான் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து என் பாட்டிலை எடுத்தேன். மூடி நான் இறுக்கியது இறுக்கியபடியே இருந்தது. வாசலுக்கு நடந்தேன்.

"நில்லு தாத்தா! அதுக்குள்ள மாத்திடுவாங்கோ. தப்புன்னு தெரிஞ்சிடுச்சு இல்ல, மாத்தாம இருப்பாங்களா?"

நான் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி, பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.