மாப்பிள்ளை பங்குக்கு வந்த அழுத்தம்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

கரண்ட் போன நேரத்தில், என் பல்செட் ஊறிக்கொண்டிருந்த டம்ளரைத் தண்ணீர் என்று நினைத்து என் மனைவி பல்செட்டோடு ஒரே மடக்கில் குடித்துவிட்டாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது. குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சோதனையின் பெயரை வாயால் சொல்லிவிட்டு ஓடினார்: எசோஃபேகோகாஸ்ட்ரோடுவோடினாஸ்கோபி.

சோதனை அறை வாசலில் ஒரு மேஜைக்காரர்.

"பேரை முழுசா சொல்லுங்க. எசோஃபேகோன்னா உணவுக்குழாய், காஸ்ட்ரோன்னா இரைப்பை, டுவோடின்னா சிறுகுடல் தொடக்கம். போன வாரம் ஒருத்தர் காஸ்ட்ரோவை விட்டுட்டாரு. குழாயும் இரைப்பையைத் தாண்டிக் குதிச்சுதான் போச்சு. அழுத்தம் 'னாஸ்'ல விழணும். இல்லேன்னா கதவு தொறக்காது."

பல் இல்லாத என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"ஊதாதீங்க பெரியவரே, பேப்பர் பறக்குது."

மகள் ஆரம்பித்தாள். 'காஸ்ட்ரோ' வரை வந்தவள், தள்ளுவண்டியில் அம்மாவின் கண் செருகுவதைப் பார்த்து விம்மிவிட்டாள். மிச்சம் மாப்பிள்ளை பங்கு. கல்யாணமான நாள் முதல் என் எதிரே குரல் உயர்த்தாத தங்கமான மனிதர். 'டுவோடினாஸ்கோபி'யைக் காதில் ரகசியம் சொல்வதுபோல் சொன்னார்.

"அழுத்தமே இல்லையே சார்."

"மாமா நிக்கிறாரு. அவர் முன்னாடி எப்படிக் கத்துறது?"

நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"செருப்பு தெரியுது மாமா."

மனைவிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அவள் கை என்னைத் தேடிக் கிடைக்காமல் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து, மறுபடி ஆரம்பிக்கும்படி மகளுக்குச் சைகை காட்டினேன். மாப்பிள்ளை 'டுவோடி' என்ற நொடியில் தொப்பென்று அவர் காலில் விழுந்தேன்.

மாமனாரே காலில் விழுந்தால் எந்த மருமகன் தாங்குவான்? பதறிப்போய் அவர் அலறிய 'னாஸ்'ஸில் கதவு தாழ்ப்பாளோடு பெயர்ந்தது. தள்ளுவண்டி தானாகவே உருண்டு உள்ளே போனது.

பல்செட் வெளியே வந்தது. மனைவி கண் திறந்து என்னைப் பார்த்தாள்.

"தண்ணில என்னத்தப் போட்டு வச்சீங்க? கடிச்சுது."

என் வாயில் உள்ள முப்பத்திரண்டு பற்களும் தாமாக முளைத்தவை; ஒன்றுகூட இன்றுவரை ஆடியதில்லை.