நீரோட்ட மேலாண்மையில் முதலிடம்

குழாய்க்காரர் வேலையை விட்டு நின்ற அன்று அவருடைய முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மனிதர் சிரித்துக்கொண்டே தோளில் தட்டி, "கோடை முடியற வரைக்கும் உன் இடத்தைக் காலியாவே வெச்சிருக்கேன்பா. தனியா ஓட்ட முடியலைன்னா கூச்சப்படாம வந்துடு" என்று சொல்லிவிட்டார். வசவாக இருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இந்த அன்பு தொண்டையில் முள்ளாக நின்றது. என்ன ஆனாலும் அந்த வாசற்படியைத் திரும்ப மிதிப்பதில்லை என்று குழாய்க்காரர் மனைவியிடம் சொன்னார். மனைவி, மிதித்தால் வீட்டு வாசற்படியை மறந்துவிடலாம் என்று தன் பங்குக்குச் சொன்னாள்.

அடைப்பெடுக்கும் இயந்திரம் வந்தது. பழைய வேன் ஒன்று வந்தது. வீட்டின் முன்னறை அலுவலகம் ஆயிற்று. வாடிக்கையாளர்கள் மட்டும் வரவில்லை. ஊரில் எந்த வீட்டில் கழிவுநீர்க் குழாய் அடைத்தாலும் ஜனங்கள் கைபேசியை எடுத்துத் தேடினார்கள். தேடினால் பழைய முதலாளியின் நிறுவனம்தான் முதலில் வந்து பல்லிளித்தது. குழாய்க்காரரின் இணையதளத்தைப் பார்க்க வேண்டுமானால் விரல் தேயத் தேயக் கீழே போக வேண்டும். அடைப்பெடுக்க ஆள் தேடுகிறவனுக்கு அத்தனை பொறுமை இருந்தால் அவன் அடைப்போடேயே வாழ்ந்துவிடுவான்.

இந்தக் கட்டத்தில்தான் மச்சான் உள்ளே வந்தார். மனைவியின் தம்பி. ஒரு சனி, ஞாயிறு நடந்த பயிற்சி வகுப்புக்குப் போய், தேடலில் முதலிடம் பிடிப்பது எப்படி என்பதைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியது போக, பெயர் அட்டையில் 'தேடல் உத்தி வகுப்பாளர்' என்றும் அச்சடித்திருந்தார். வீட்டில் எல்லோரும் அவரை நிபுணர் என்றே கூப்பிட்டார்கள். பாதி கேலிதான். அவர் மீதிப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நிபுணர் இணையதளத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். முகப்பில் அக்கா தன் கையால் எழுதிய 'குழாய் அடைப்பு எடுப்போம்' என்ற வரி இருந்தது.

"அக்கா, படிக்கும்போதே நாத்தமடிக்குது."

அன்று மாலைக்குள் அந்த வரி போய், 'ஒருங்கிணைந்த நீரோட்ட மேலாண்மைத் தீர்வுகள்' என்று வந்து உட்கார்ந்தது. அதன் பின்னால் ஓர் அருவி வீடியோவில் ஓயாமல் கொட்டியது. அருவிக்கு முன்னால் குழாய்க்காரர், நிபுணரின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, பொத்தான் போட முடியாததால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். படத்துக்குக் கீழே 'தலைமை ஆலோசகர்' என்றிருந்தது. குழாய்க்காரர் அதைப் பலமுறை படித்துப் பார்த்தார். கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் எல்லோரும் தேடினார்கள். நிபுணர் சொல்லிக் கொடுத்தபடி அந்த நீளமான வாசகத்தை எழுத்துப் பிசகாமல் தட்டுவார்கள். ஏழாம் பக்கம். மறுவாரம் நாலாம் பக்கம். மனைவி, காய்ச்சல் பார்க்கிற கருவியைப் போலக் கைபேசியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்துக்கு ஏறிய நாளில் இருவருக்கும் காபி இறங்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை முதல் பக்கம். முதல் பக்கத்தில் முதல் இடம்.

குழாய்க்காரர் வாயில் பற்பசை நுரையோடு தெருவுக்கே ஓடிவிட்டார். நிபுணர் கேக்கோடு வந்தார். உலகத்திலேயே இந்த வாசகத்துக்கு நம்மை மிஞ்ச ஆளில்லை என்று அறிவித்தார். அது உண்மைதான். அப்படி ஒரு வாசகத்தை உலகத்தில் வேறு யாரும் எழுதியதில்லை. முதலிடத்தைப் படமெடுத்துச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பினார்கள். வேனுக்கு டீசல் நிரப்பி, இயந்திரத்தைத் துடைத்து, ரப்பர் பூட்ஸைக் கதவோரம் எடுத்து வைத்துவிட்டு, போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

போன் கல் மாதிரி கிடந்தது.

கோடையும் தேய்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் அக்காதான் கேட்டாள். "ஏன்டா, இதையெல்லாம் யாராவது தேடுவாங்களா?"

"தேடுற தரத்துக்கு ஜனங்க வரணும்க்கா. நாம முன்னாடி வந்து நிக்கிறோம், அவ்வளவுதான்."

வாசகத்தை மாற்றிவிடலாமா என்று குழாய்க்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். முதலிடத்தில் இருக்கிறவன் அதைவிட்டு இறங்குவானா என்று நிபுணர் திருப்பிக் கேட்டார். வாசகம் அப்படியே இருந்தது.

கோடையின் கடைசி மாதத்தில் போன் அடித்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்ததில் நாற்காலி கவிழ்ந்தது. குழாய்க்காரர் மூச்சைச் சரிசெய்துகொண்டு, சொல்லிக் கொடுத்தபடியே, "வணக்கம், ஒருங்கிணைந்த நீரோட்ட..." என்று ஆரம்பித்தார்.

"நான்தான்பா பேசறேன்" என்றார் பழைய முதலாளி. அடக்கிய சிரிப்பில் அவர் குரல் குலுங்கியது. "உன் மாமியார் வீட்டு பாத்ரூம்லதான் நிக்கிறேன்."

மாமியார் வீட்டுக்கு வேனை விரட்டிக்கொண்டு போனார்கள். வீட்டு முன்னால் முதலாளியின் பளபளப்பான வண்டி நின்றது. நாற்றத்தை விசாரிக்க வந்த அக்கம்பக்கத்தார் படிக்கட்டில் நின்றார்கள். உள்ளே முதலாளியின் ஆள் ஒருவன் கம்பியைக் குழாய்க்குள் விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தான். மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மருமகனைப் பார்த்ததும் அப்படியே கூனிப்போனார்.

ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று குழாய்க்காரர் ஆற்றாமையோடு கேட்டார்.

"உங்களை எப்படி மாப்பிள்ளை இதுக்குக் கூப்பிடறது? நீங்க இப்ப ஆலோசனைதான் சொல்றீங்களாமே. குழாய்ல கையே வைக்க மாட்டீங்கன்னு இவன்தானே ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கான். கோட்டு போட்ட படத்தை வேற அனுப்பினான்."

எல்லாக் கண்களும் நிபுணர் மீது திரும்பின. நிபுணர் தாயின் கைபேசியை வாங்கிப் பார்த்தார். 'பாத்ரூம்ல தண்ணி போகாம மேல வருது யார கூப்பிடுறது' என்று தட்டியிருந்தது.

"அம்மா, இப்படியெல்லாம் தேடக் கூடாதும்மா."

"தண்ணி கணுக்காலைத் தாண்டும்போது வேற எப்படிடா தேடணும்? கவிதையாவா?"

படிக்கட்டில் ஒருவர் சிரித்தார். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டே, அடுத்த திங்கட்கிழமை கோடை முடிகிறது என்பதைக் குழாய்க்காரரின் காதோரம் அன்பாக நினைவூட்டிவிட்டுப் போனார்.

அவர் வண்டி நகர்ந்ததுதான் தாமதம், மனைவி படிக்கட்டில் சப்பென்று உட்கார்ந்தாள். சமையலறைத் தொட்டி அடைத்தால் என்னவென்று தட்டுவாய் என்று தாயைக் கேட்டாள். தாய் சொன்னாள். மாடி வீட்டு டீச்சர் குறுக்கே புகுந்து, தன் வீட்டுக் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்தால் கொடகொடவென்று சத்தம் வருகிறது, அதைத்தான் தேடுவேன் என்றார். பக்கத்து வீட்டுக்காரர், குளித்த தண்ணீர் வடிவதற்குள் மறுநாள் வந்துவிடுகிறது என்றார். கோளாறு இல்லாத வீடே அந்தத் தெருவில் இல்லை. ஆளுக்கு ஆள் முண்டியடித்துக்கொண்டு சொல்ல, மனைவி அங்கேயே இணையதளத்தில் ஏற்றினாள். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பக்கம். தலைப்பு ஜனங்கள் சொன்ன அதே வார்த்தைகள். கீழே குழாய்க்காரர் சொல்லச் சொல்லப் பதில், அவர் வந்து சேரும் வரை எந்தக் குழாயை மூட வேண்டும் என்பது உட்பட.

நிபுணரைக் குறை சொல்லிப் பயனில்லை. வகுப்பில் அவர் முழுக்கத் தூங்கியிருக்கவில்லை. பக்கங்களை ஒன்றோடொன்று கோக்க அவருக்குத் தெரிந்திருந்தது. அருவி வீடியோவால்தான் தளம் திறக்கத் தாமதமாகிறது என்பதும் தெரிந்திருந்தது. இத்தனை நாள் சொல்ல மனம் வரவில்லை. அருவியை நீக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோட்டுப் படத்தைக் குழாய்க்காரரே நீக்கினார்.

அடுத்து வந்த நாட்களில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. இப்போது தங்கள் போனில் தேடுவதில்லை; சொந்தப் போன் சொந்தத் தளத்தையே முன்னால் காட்டும் என்று நிபுணர் சொல்லியிருந்தார். டீச்சர் போன், மருந்துக்கடைக்காரர் போன் என்று அடுத்தவர் போன்களில் தேடினார்கள். கொடகொட சத்தம் மூன்றாம் பக்கம். தொட்டி அடைப்பு இரண்டு. 'தண்ணி மேல வருது' முதல் பக்கத்தின் அடியில் தலையை நீட்டியபோது மருந்துக்கடைக்காரரே கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பழைய நிறுவனத்தின் சட்டையைக் குழாய்க்காரர் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தார். மனைவி பார்க்காத மாதிரி இருந்தாள்.

மதியம் போன் அடித்தது. இந்தத் தடவை நிபுணர்தான் முந்திக்கொண்டார். தெரியாத எண். ஒலிபெருக்கியில் போட்டார். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"ரொம்ப நன்றிங்க. எந்த வார்த்தையைப் போட்டு எங்களைக் கண்டுபிடிச்சீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"என்ன வார்த்தை? ஹால்ல தண்ணி நிக்குதுய்யா. வர்றீங்களா, இல்ல உங்களுக்கு அடுத்து இருக்கறவனைக் கூப்பிடவா?"

மனைவி போனைப் பிடுங்கி முகவரி வாங்குவதற்குள் குழாய்க்காரர் ஒரு காலில் பூட்ஸும் மறுகால் வெறுங்காலுமாக வேனில் ஏறியிருந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நாளைக்குத் தனக்கு நேரமில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிடும்படி கத்தினார். மனைவி மறு பூட்ஸை வேனுக்குள் வீசினாள்.

"அக்கா, கவனிச்சியா? அடுத்து இருக்கறவன்னு சொன்னார்" என்றார் நிபுணர், கண் கலங்க. "அப்ப நமக்கு மேல யாருமே இல்லைக்கா."

வேன் தெருமுனை திரும்புவதற்குள் போன் மறுபடியும் அடித்தது. நிபுணர் கையை நீட்டினார். அவள் தரவில்லை.

"சொல்லுங்க" என்றாள். "எது வரைக்கும் ஏறியிருக்கு?"