திருட்டுத் தீனி

எட்டு மாதமாக எங்கள் வீட்டில் சமையல் இரண்டு. மனைவிக்குத் தனி, எனக்கும் மகளுக்கும் தனி. நாள் முழுக்க லிஃப்ட் கூண்டின் மேல் குந்திப் பழுது பார்த்துவிட்டு வந்து, வெங்காயம் பட்ட கரண்டி எது, படாத கரண்டி எது என்று பிரித்து வைக்கிற பிழைப்பு யாருக்கும் வேண்டாம்.

அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். காலையில் நன்றாகப் போகிறவள், மத்தியானத்துக்குள் வயிறு உப்பி மூச்சு விடமுடியாமல் கிடப்பாள். “டீச்சர் வயித்துல இடி இடிக்குது” என்று பிள்ளைகள் சிரிக்குமாம். இந்த மாதமும் சரியாகாவிட்டால் போதும் என்று ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள். பத்தொன்பது வருட வேலை.

சில மாவுச்சத்தும் சர்க்கரையும் அவள் உடம்பில் சேராமல் குடலிலேயே புளித்துக் காற்றாகிறது என்றார் உணவு ஆலோசகர் அம்மா. எது என்று தெரிய ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார். எனக்கா தெரியாது? ஒவ்வொரு ஒயராகக் கழற்றித்தானே பழுதைப் பிடிக்கிறேன்! பால், கோதுமை, வெங்காயம், ஆப்பிள், பயறு எல்லாவற்றையும் நிறுத்தினேன். உப்பல் மட்டும் இறங்கவில்லை.

போன வாரம் என் பொறுமை போய்விட்டது. “ஸ்கூல்ல திருட்டுத் தீனி திங்கிற. இல்லன்னா எப்படி?” என்றேன். அவள் சாப்பிட்டதை எழுதும் நோட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

சனிக்கிழமை ஆலோசகர் அந்த நோட்டைப் புரட்டினார். “எல்லாம் சரியாத்தானே இருக்கு. இதுல எழுதாம வேற ஏதாவது வாயில போடுவீங்களா?”

“தொண்டைக்கு மிட்டாய் மட்டும். கத்திக் கத்திப் பாடம் நடத்தணுமே. சர்க்கரை இல்லாததுதான்.” கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் பொடி எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தார். “சர்க்கரைக்குப் பதிலா சார்பிட்டால் போட்டிருக்கான். உங்க வயிறு உப்ப இது ஒண்ணே போதும். தினம் எத்தனை?”

“பத்து, பதினஞ்சு.”

“யாருங்க இதை வாங்கச் சொன்னது?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வாராவாரம் வாங்கித் தருகிறவன் நான். பல் கெட்டுவிடும் என்று சர்க்கரை இல்லாததாகத் தேடிப் பிடித்தவனும் நான். இந்த வாரத்துக்கு வாங்கிய புது டப்பா என் சட்டைப் பையிலேயே இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. ஊர் ஒயரையெல்லாம் சோதித்தவன், நான் மாட்டிய ஒயரைத் தொட்டே பார்க்கவில்லை.

படியிறங்கும்போது கேட்டேன். “நான்தான்னு சொல்லியிருக்கலாமே?”

“எட்டு மாசமா அடுப்புல வெந்திருக்கீங்க. அந்தம்மா முன்னாடி வேற தலை குனியணுமா?”

வாசல் குப்பைத் தொட்டியில் நான் அந்தப் புது டப்பாவைப் போட்டேன். அவள் கடிதத்தைக் கிழித்து அதன் மேல் போட்டாள்.

“மன்னிச்சிடு” என்றேன்.

“மிட்டாய்க்கு மன்னிச்சாச்சு” என்றாள். “திருட்டுத் தீனின்னீங்களே, அதுக்கு இன்னும் இல்ல.”