பவுனும் லாரி சர்வீஸும்

புனே பக்கம் ஆகுர்டியில் தங்கராஜின் லாரிக்கு கிரீஸ் அடித்தால் அவன் மனைவி பவுனுக்கு முழங்கால் வலி நின்றுவிடும். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தால் அவளுடைய மூச்சிளைப்பு அடங்கும். கல்யாணமும் லாரியும் ஒரே மாதத்தில் வந்ததால் இப்படி ஆகியிருக்கும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பிம்ப்ரியில் ஒரு டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வண்டிக்கு பிரேக் பார்த்து எத்தனை நாளாச்சு என்று இந்தியில் விசாரித்தார்.

ஆகையால் தங்கராஜ் சர்வீஸைத் தள்ளிப்போட்டதே கிடையாது. மற்ற டிரைவர்கள் அடுத்த டிரிப் முடியட்டும் என்று இழுத்தடிப்பார்கள். இவன் மீட்டர் கணக்குக்கு முன்பே இஸ்மாயில் பாயின் பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவான். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. பவுனுக்குத்தான் ஆற்றாமை. "எல்லாரும் பொண்டாட்டிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நீங்க லாரியக் கூட்டிட்டுப் போறீங்க" என்பாள். "வலி போச்சா இல்லையா, அதச் சொல்லு" என்று சிரிப்பான். வலி போயிருக்கும். வருஷங்கள் இப்படியே ஓடின.

ஆயில் மாற்றும்போது மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். பழைய ஆயில் வடிகிற நேரம் பவுனுக்குக் குரல் தேய்ந்து கண் செருகும். புது ஆயில் விழுந்ததும் எழுந்து டீ போடுவாள். அந்த வருஷம் சர்வீஸ் ஆயுத பூஜையன்று வந்தது. வெள்ளிக்கிழமை. இஸ்மாயில் பாய் எஞ்சின் அடியில் ஆயில் வடிக்கிற டிரெயின் நட்டைக் கழற்றி, அடியில் டப்பாவை வைத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனார். ஆயில் சொட்டச் சொட்ட வடிந்துகொண்டிருந்தது. தங்கராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். நல்ல நேரம் முடியப்போகிறது. பாயின் ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றையும், கழற்றிய நட்டையும் சேர்த்து, வாளியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டான்.

தொழுகை முடிந்து வந்த பாய், பட்டறையில் சாமான்களைக் காணாமல் வீட்டுக்கே வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "அரே, என்ன வேல செஞ்சிட்ட! பூஜைல வெச்சது இனிமே எழும்புமா?" எழும்பவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தும் சின்ன ஸ்பேனர்கூட அசையவில்லை. ஆயுத பூஜையில் வைத்த சாமான் மறுநாள் காலைவரை அப்படித்தான் கனக்கும், ஆகுர்டியில் எல்லாப் பட்டறையிலும் அதே கதைதான். வேறு நட்டை யாரிடம் போய் இரவல் கேட்பது? நட்டு இல்லாமல் ஆயில் ஊற்றினால் தரைக்குத்தான் போகும். பாய் துணியை வைத்தாவது அடைத்துப் பார்க்கிறேன் என்று பட்டறைக்கு ஓடினார்.

பவுன் கோரைப்பாயில் சாய்ந்து கிடந்தாள். உதடு வறண்டுவிட்டது. கை சில்லென்று இருந்தது. தங்கராஜ் அவள் பக்கத்தில் மண்டியிட்டான். ஐயோ, என் புத்தியைச் செருப்பால் அடிக்க, என்று புலம்பியபடி அவள் வாயருகே காதை வைத்தான்.

"ஒரே ஒரு தடவ... எனக்கே செய்யக்கூடாதாங்க?" என்றாள் பவுன்.

அவனுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. விளக்குக்கு வாங்கிய நல்லெண்ணெய் பக்கத்தில் இருந்தது. கரண்டியில் காய்ச்சி அவள் உச்சியில் வைத்தான். தேய்க்கத் தெரியவில்லை, ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை. அழுதுகொண்டே தேய்த்தான். நெற்றிக்கும் கழுத்துக்கும் தேய்த்து, முழங்காலையும் பிடித்துவிட்டான். "மெதுவா... தலையப் பிடுங்கி எடுத்துராதீங்க" என்று குரல் வந்தபோதுதான் அவனுக்கு உயிரே வந்தது.

சற்று நேரத்தில் இஸ்மாயில் பாய் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார். எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியை நீட்டினார். ஆயில் மேல் கோடு வரை ஏறியிருந்தது. அடி ஓட்டை திறந்தே இருக்கிறது, ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை என்றார். முகர்ந்து பார்த்தார்கள். நல்லெண்ணெய்.

அதன்பிறகு அந்த லாரி பட்டறைப் பக்கம் போகவில்லை. நல்ல வாடிக்கை போயிற்றே என்று பாய் கொஞ்ச நாள் முணுமுணுத்தார், பிறகு விட்டுவிட்டார். தங்கராஜ் இப்போது மீட்டரைப் பார்ப்பதில்லை. எவ்வளவு தூரம் லோடு போனாலும் வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்துவிடுகிறான். பவுன் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.